ஸ்பீக்கரை மாற்றும் முன் கைபேசியை எடுத்து அறையை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார இணைப்பில் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்குவது பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். எத்தனை வாட், எத்தனை ஸ்பீக்கர், சவுண்ட்பார் போதுமா தனியாக சப்வூஃபர் (கனத்த கீழ் ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) வேண்டுமா, தவணையில் வாங்கினால் மாதம் எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. ஆனால் அந்த ஸ்பீக்கர் போய் உட்காரப்போகிற அறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான். ஏனென்றால் வீட்டில் சத்தம் சரியில்லை என்று சொல்கிறவர்களில் பலருக்கு வேண்டியது புது ஸ்பீக்கர் இல்லை. தங்கள் ஹால் அந்தச் சத்தத்தை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் கருவி எல்லோருடைய சட்டைப்பையிலும் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு 78 வயது. ஹாலின் பின்மூலையில் ஜன்னலை ஒட்டி அவருடைய பிரம்பு நாற்காலி. காலையில் பேப்பர், சாயங்காலம் செய்தி, ராத்திரி ஒரு மணிநேரம் பழைய கச்சேரி ஒலிப்பதிவு ஏதாவது. டிவிக்கு இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வாங்கி வைத்ததிலிருந்து "கும்முனு இருக்குடா, என்ன பேசறான்னே புரியல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு சோஃபாவில் உட்கார்ந்தால் எல்லாம் நன்றாகவே கேட்டது. அதனால் வயசாகிவிட்டது, காது மந்தமாகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். காது மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தேன், போகவும் செய்தேன். வயதுக்கு உரிய குறைவு இருக்கிறது, ஆனால் பேச்சே புரியாத அளவுக்கு இல்லை என்றார் மருத்துவர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அப்பா இன்னொன்றும் சொல்வார்: பெண் செய்தி வாசிப்பவர் பேசினால் புரிகிறது, ஆண் பேசினால் ஒன்றும் புரிவதில்லை. இதைத்தான் நான் முதலிலேயே பிடித்திருக்க வேண்டும். வயதானால் காதில் முதலில் குறைவது மேல்பக்க ஒலிகள், அதாவது கீச்சுக் குரல், குழந்தைகள் பேச்சு, 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள். காதுதான் காரணம் என்றால் பெண் குரலும் குழந்தைக் குரலும் அல்லவா முதலில் தவறிப்போக வேண்டும்? அவருக்கு நேர்மாறாக இருந்தது.

கடையில் போய்ச் சொன்னபோது சப்வூஃபர் சின்னது, பத்து அங்குலமாகப் பெரிதாக வாங்குங்கள், பேஸ் சுத்தமாக வரும் என்றார்கள். வாங்கியிருந்தால் தொல்லை இரட்டிப்பாகியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஹால் 14 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். நம் ஊரில் நடுத்தரக் குடும்பத்து வீடுகளில் பெரும்பாலும் இதே கணக்குதான். ஒலி காற்றில் 30 டிகிரி வெயிலில் நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது, அடிக்கணக்கில் 1145. எதிரெதிர் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் ஒலி போய் முட்டித் திரும்பி வரும் நேரமும் அதன் ஒரு அதிர்வின் நேரமும் ஒன்றாகிவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் எப்படி மேலே மேலே போகுமோ அப்படி அந்த ஒலி மட்டும் அறைக்குள் பெருத்துவிடும். கணக்கு சுலபம், போக வர இரண்டு தடவை என்பதால் 1145-இல் பாதியான 572-ஐச் சுவர்களுக்கு இடையிலான அடியால் வகுத்தால் போதும். 14 அடிக்கு 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். அப்புறம் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போகும், 10 அடிக்கு அடுத்தது 114. எங்கள் வீட்டில் அகலமும் உயரமும் ஒன்று என்பதால் 57-ம் 114-ம் இரண்டு தடவை ஒன்றின்மேல் ஒன்றாக வந்து உட்காருகின்றன. இதில் மூலைதான் மிக மோசமான இடம், ஏனென்றால் எல்லாச் சுவரின் அழுத்தமும் வந்து சேர்வது அங்கேதான். அப்பாவின் நாற்காலி இருந்தது அங்கே. ஆண்கள் பேசும் குரலின் அடிநாதம் பெரும்பாலும் 85-இலிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும், 114 அதற்குள்ளேயே வருகிறது. பெண் குரல் அதற்கு மேலே தொடங்குவதால் தப்பித்துக்கொண்டது. கனத்த கீழ் ஒலி தனக்கு மேலே இருக்கிற மெல்லிய ஒலிகளைக் காதில் மூடிவிடும் என்பதும் சேர்ந்துகொண்டதால், ஆண் குரலில் எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் அந்த 'கும்'முக்கு அடியில் புதைந்துவிட்டன.

கச்சேரியிலும் இதுதான் நடந்தது. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு உட்காரும் முன் தொப்பியில் (இடது பக்கத் தோல்) ரவைப் பசையை அப்பி, தட்டித் தட்டிப் பார்த்து அந்தக் கனத்தைக் கொண்டுவருவார். வலது பக்கமான வலந்தலைக்கும் தொப்பிக்கும் உள்ள பேச்சுவார்த்தையில்தான் தனியாவர்த்தனத்தின் சுகமே இருக்கிறது. எங்கள் ஹாலின் மூலையில் தொப்பியின் ஒவ்வொரு அடியும் அடுத்த அடிவரை நீண்டு இழுத்து ஒரே உறுமலாகக் கேட்டிருக்கிறது, அதையும் அப்பா சொல்லியிருக்கிறார், "தவில் மாதிரி இருக்குடா" என்று. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இதை எல்லாம் நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. முதலில் கைபேசிதான் காட்டியது, கணக்கு பிறகு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அளவீட்டுச் செயலி ஒன்றைப் போட்டு, 20 ஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாக மேலே ஏறிப்போகும் 'ஸ்வீப்' ஒலியை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, முதலில் சோஃபாவில் என் காது இருக்கும் உயரத்தில் கைபேசியைப் பிடித்து அளந்தேன், அப்புறம் அப்பாவின் நாற்காலியில் அவர் காது உயரத்தில். எந்த ஒலி எவ்வளவு சத்தம் என்று செயலி வரைந்த இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. 300 ஹெர்ட்ஸுக்கு மேலே இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போயின. கீழே, 57-க்குப் பக்கத்தில் அப்பாவின் இடத்தில் 13 டெசிபல் அதிகம், 114-க்குப் பக்கத்தில் 10. பத்து டெசிபல் என்றால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். அவர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அட்சரம் பிசகாத உண்மை.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும், இந்தக் கடிதம் எழுதியதே அதற்காகத்தான். கைபேசி மைக் அளவீட்டுக் கருவி கிடையாது, அதன் காட்சியை நம்பக்கூடாது என்று ஆடியோ விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் ஒரே கைபேசியால் இரண்டு இடங்களை அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மைக்கின் குறை இரண்டிலும் ஒன்றுதானே, கழிபட்டுப் போய்விடும். சந்தையில் ஒரு தராசு ஐம்பது கிராம் தப்பாகக் காட்டினாலும் இரண்டு மூட்டைகளில் எது எவ்வளவு கூடுதல் கனம் என்பதைச் சரியாகவே சொல்லும் இல்லையா, அதுபோல. நாற்காலியை எங்கே போடுவது, ஸ்பீக்கரை எந்த மூலையிலிருந்து எவ்வளவு தள்ளுவது, சப்வூஃபரை டிவிக்கு இந்தப் பக்கம் வைப்பதா அந்தப் பக்கமா என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்தக் கழித்தல் போதும். இதற்கு நயா பைசா செலவில்லை.

மைக் எங்கே நம்பத்தகுந்தது, எங்கே இல்லை என்பதற்குக் காரணமும் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 20 அடி. அவ்வளவு பெரிய அலைக்கு உங்கள் கையில் இருக்கும் அரை அடிக் கைபேசி ஒரு பொருட்டே இல்லை, கையையும் உடம்பையும்கூடச் சுற்றிக்கொண்டு போய்விடும். 10,000 ஹெர்ட்ஸுக்கு வந்தால் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர், கைபேசியின் அகலத்தில் பாதி. அந்த ஒலி கைபேசியின் விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது, உள்ளங்கையில் பட்டுத் திரும்புகிறது, மைக்குக்குப் போகும் குண்டூசித் துளைக்குள் தனியாக ஒரு விசில் மாதிரி அதிர்கிறது, உறை போட்டிருந்தால் அதன் ஓட்டை வேறு. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே மேல்பக்கக் கோடு மாறிவிடும். ஆகவே கீழ்ப்பக்கத்தில் கைபேசி சொல்வதைக் கேட்கலாம், மேல்பக்கத்தில் கேட்கக்கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. அறை தருகிற கோளாறு கூர்மையான மேடாக, குறிப்பிட்ட ஒரு இடத்தில் நிற்கும். மைக்கின் குறை கீழே போகப் போக மெல்லச் சரிகிற சரிவாக இருக்கும். மலையையும் சரிவையும் கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். எங்கள் அளவு அறைகளில் 200, 250 ஹெர்ட்ஸ் வரைதான் இப்படித் தனித்தனி மேடுகள் நிற்கும், அதற்கு மேலே எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து அறையின் ஆட்சி குறைந்து ஸ்பீக்கரின் ஆட்சி வந்துவிடும். ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃபிரெட் ஷ்ரோடர் இந்த எல்லைக்கு ஒரு சூத்திரமே கொடுத்திருக்கிறார், அவர் பெயரால்தான் அந்த அதிர்வெண்ணைச் சொல்கிறார்கள். ஆக அறை கெடுக்கிற பகுதியும் கைபேசியால் அளக்க முடிகிற பகுதியும் அதிர்ஷ்டவசமாக ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இது தெரியாமல் முதல் தடவை நான் கெடுத்துக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுக்க என்னிடம் இருக்கும் ஸ்ட்ரீமர் பெட்டியின் செயலியிலேயே கைபேசி மைக்கால் அறையை அளந்து தானாகத் திருத்தும் வசதி இருக்கிறது. 20-இலிருந்து 20,000 வரை முழுவதும் திருத்து என்று கொடுத்துவிட்டேன். கீழே 'கும்' குறைந்தது, ஆனால் வயலினும் கடமும் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஆகிவிட்டன. நடந்தது என்னவென்றால் என் கைபேசிக்கு 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே காது மந்தம், அந்த மந்தத்தை அறையின் குறை என்று நினைத்து, அதை ஈடுகட்ட ஸ்பீக்கரில் மேல்பக்கத்தை ஏற்றிவிட்டது செயலி. பிறகு திருத்தத்தின் மேல் எல்லையை 300 ஹெர்ட்ஸில் நிறுத்தினேன், எல்லாம் சரியாயிற்று. இப்படி எல்லை வைக்கும் வசதி உங்கள் பெட்டியில் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் தானியங்கித் திருத்தத்தைக் கைபேசி மைக்கை நம்பிச் செய்யாதீர்கள்.

எல்லாக் கைபேசியும் ஒன்றல்ல என்பதும் உண்மை. பேசுவதற்காகச் செய்த மைக் என்பதால் காற்றின் இரைச்சலைக் குறைக்கக் கீழ் ஒலிகளை வெட்டும் வடிகட்டி, சத்தம் கூடினால் தானாகக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு, பின்னணி இரைச்சலை அழிக்கும் மென்பொருள் என்று வழியில் பல பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐஃபோனில் 2012-இல் ஐஓஎஸ் 6 வந்தபோதுதான் அந்த வடிகட்டியை அளவீட்டுச் செயலிகள் அணைத்துவைக்க வழி கிடைத்தது. ஆண்ட்ராய்டில் 2016-இல் வந்த 7-ஆம் பதிப்பில்தான் எந்தக் கைவேலையும் செய்யாமல் மைக்கின் ஒலியை அப்படியே செயலிக்குக் கொடுக்கும் பாதை வைத்தார்கள். அந்தப் பாதையைத் தருவது தயாரிப்பாளருக்குக் கட்டாயமும் இல்லை. தந்தாலும் 100 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை 10 டெசிபல் மேலே கீழே போகலாம், 100-க்குக் கீழே 20 டெசிபல் வரை போகலாம் என்றுதான் ஆண்ட்ராய்டின் விதியே இருக்கிறது. சோனோஸ் நிறுவனம் 2015-இல் ட்ரூபிளே என்ற பெயரில் கைபேசியை அறைக்குள் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே நடந்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தபோது அதை ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும்தான் கொடுத்தது, சில மாடல்கள்தான் என்பதால் ஒவ்வொன்றின் மைக்கையும் தெரிந்துவைத்துக்கொள்ள முடிகிறது, ஆண்ட்ராய்டில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு யார் செய்வது? அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தைக் கவனிக்கும் நையாஷ் நிறுவனமும் 2017-இல் இரைச்சல் அளக்கும் இலவசச் செயலி வெளியிட்டபோது ஐஃபோனுக்குத்தான் வெளியிட்டது. நம் ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு, ஆகவே நாம்தான் நம் கைபேசியைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சோதனை இரண்டு நிமிஷ வேலை. ஒரே மாதிரி இரையும் ஓர் ஒலியை ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள், 'பிங்க் நாய்ஸ்' என்று தேடினால் கிடைக்கும். செயலியில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரில் அல்லது ஸ்ட்ரீமரில் 10 டெசிபல் குறையுங்கள். கைபேசியில் காட்டும் அளவும் பத்தோ அதற்கு மிக அருகிலோ குறைய வேண்டும். நாலு, ஐந்து மட்டும் குறைகிறது என்றால் உள்ளே யாரோ தானாக ஏற்றி இறக்குகிறார்கள் என்று பொருள், அந்தக் கைபேசியும் அந்தச் செயலியும் சேர்ந்து அளவீட்டுக்கு லாயக்கில்லை. வேறு செயலியைப் போட்டுப் பாருங்கள், அல்லது வீட்டில் இன்னொருவர் கைபேசியை வாங்கிச் செய்யுங்கள். சத்தத்தை ரொம்ப ஏற்றவும் வேண்டாம், இரண்டு பேர் கொஞ்சம் உரக்கப் பேசுகிற அளவு போதும், அதற்குமேல் போனால் மைக் திணறும்.

அளக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் தலைக்கு மேலே சுற்றும் விசிறியின் காற்று மைக்கில் நேரே அடித்துக் கீழ்ப்பக்கக் கோட்டையே நாசமாக்கிவிடும். ஃபிரிட்ஜ் ஓடி நிற்கும் நேரமாகப் பாருங்கள். குக்கர் அடுப்பில் இருந்தால் இறக்கும்வரை காத்திருங்கள். கைபேசி உறையைக் கழற்றிவிட்டு, மைக் துளை எங்கே என்று பார்த்து (பெரும்பாலும் கீழ் விளிம்பில் சார்ஜர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில்) அந்தத் துளையை விரலால் மூடாமல், கையை நன்றாக நீட்டி, உட்காருகிறவர் தலை இருக்க வேண்டிய இடத்தில் பிடியுங்கள். ஓரிடத்தில் மட்டும் அளந்து முடிவு செய்யக்கூடாது, தலையைச் சுற்றி ஓர் அடிக்குள் ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் வருகிற மேடுதான் உண்மையான மேடு. ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ஹவுஸ்கர்வ் என்ற செயலி இந்தச் சராசரியைத் தானே செய்துகொடுக்கும். மடிக்கணினி இருந்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதைப் பழகிவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை. இன்னொரு குழப்பமும் பலருக்கு உண்டு. டெனான், மராண்ட்ஸ் போன்ற ஏவி ரிசீவர்களில் (ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள்) அறைத் திருத்தத்துக்குக் கைபேசிச் செயலி இருக்கிறது என்றால் அங்கே கைபேசி மைக் வேலை செய்வதில்லை, பெட்டியோடு தந்த தனி மைக்தான் அளக்கிறது, கைபேசி வெறும் திரை. அந்த மைக்கைப் பெட்டியோடு பரணில் போட்டுவிட்டவர்கள் நிறையப் பேர், தேடி எடுங்கள்.

அளந்த பிறகு உடனே ஈக்வலைசரை, அதாவது கீழ், மேல் ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதியை, தொடாதீர்கள். முதலில் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் 114 ஹெர்ட்ஸ் அலை பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளிய இடத்தில் ஓய்ந்துவிடும், அலைநீளத்தில் கால்பங்கு அது. அப்பாவின் நாற்காலியைச் சுவரை விட்டு இரண்டரை அடி தள்ளிப் போட்டேன். ஜன்னல் வெளிச்சம் பேப்பருக்குக் குறையும் என்று ஆட்சேபித்தார், சாயங்காலம் மட்டும் இங்கே உட்காருங்கள் அப்பா என்று கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு நகர்த்தலில் 114-இல் இருந்த மேடு 7 டெசிபல் இறங்கியது. 57 அவ்வளவாக இறங்கவில்லை, அதற்கு மட்டும் ஸ்ட்ரீமரில் அந்த இடத்தைக் குறிவைத்து 8 டெசிபல் வெட்டினேன். எந்த அதிர்வெண், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று மூன்றையும் கொடுக்க முடிகிற ஈக்வலைசராக இருந்தால்தான் இது முடியும், டிவியில் இருக்கிற ஐந்து கோட்டு ஈக்வலைசரால் 57-ஐ வெட்டப் போனால் பக்கத்தில் இருக்கிற நல்ல பேஸும் சேர்ந்து போய்விடும். விண்டோஸ் கணினியில் பாட்டுக் கேட்பவர்களுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும்.

மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். கோட்டில் சில இடங்களில் ஒலி திடீரென்று குழியாக விழுந்திருக்கும். நேரே வருகிற அலையும் சுவரில் பட்டுத் திரும்புகிற அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம் அது. அங்கே எவ்வளவு ஊற்றினாலும் திரும்பி வருவதும் அதே அளவு கூடி அழித்துவிடும். பத்து டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் அந்த இடத்தில் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், ஸ்பீக்கர் அடிபடும், காதில் ஒன்றும் கூடாது. பள்ளத்துக்கு மருந்து ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவதுதான்.

சுவரில் ஒட்டும் ஃபோம் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் வருகிற அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஓர் அங்குல, இரண்டு அங்குல ஃபோமை வாங்கி ஒட்டுகிறார்கள். அது கைதட்டினால் வருகிற பளிச்சென்ற எதிரொலியைக் குறைக்கும், பேச்சுத் தெளிவுக்கு அதுவும் கொஞ்சம் நல்லதுதான், அதற்கு கனமான திரைச்சீலையும் துணிமணி அலமாரியும் புத்தக அடுக்கும்கூடப் போதும். ஆனால் 57 ஹெர்ட்ஸ் அலைக்குக் கால்பங்கே ஐந்து அடி, அதை இரண்டு அங்குல ஃபோம் எப்படிக் குடிக்கும்? அங்கெல்லாம் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்த சுவர்கள், அவை தாங்களே கொஞ்சம் அதிர்ந்து கீழ் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அசையவே அசையாது, வந்ததை வந்தபடியே திருப்பி அனுப்பிவிடும். அவர்களுக்கு இருப்பதைவிட நமக்கு இந்தத் தொல்லை அதிகம், ஆகவே அளந்து பார்க்கும் தேவையும் நமக்குத்தான் அதிகம்.

கைபேசியை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. நண்பர் ஒருவரிடம் யூமிக்-1 என்ற அளவீட்டு மைக் இருக்கிறது. ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்கு உரிய திருத்தக் கோப்பு தனியாகக் கிடைக்கும், அதனால் அது காட்டுவதை நம்பலாம். வாங்கிவந்து அதே நாற்காலியில் அதே இடத்தில் அளந்தேன். 50-இலிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை என் கைபேசி அதிலிருந்து 3 டெசிபலுக்கு மேல் விலகவில்லை. 40-க்குக் கீழே சரிந்துவிட்டது, 6,000-க்கு மேலே மேடும் பள்ளமுமாக எங்கெங்கோ போயிற்று. ஆனால் 57-ம் 114-ம் இரண்டு மைக்கிலும் ஒரே இடத்தில் நின்றன. பெரிய அறை, பல ஸ்பீக்கர், இரண்டு சப்வூஃபர் என்று செலவு செய்கிறவர்கள் அப்படி ஒரு மைக் வாங்கிக்கொள்வதே நல்லது, நான் மறுக்கவில்லை. மாதச் சம்பளத்தில் ஒரு சவுண்ட்பாரும் சப்வூஃபரும் வாங்கி வைத்துவிட்டு, வீட்டில் பெரியவர்கள் புரியவில்லை என்று சொல்லும்போது அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற குடும்பத்துக்குக் கைபேசி போதும்.

உங்களிடம் மூன்று கேட்டுக்கொள்கிறேன். இனி ஸ்பீக்கர், சவுண்ட்பார் பற்றி எழுதும்போது வாட் கணக்கோடு, அதில் அறைத் திருத்தம் இருக்கிறதா, இருந்தால் எந்த மைக்கால் அளக்கிறது, ஆண்ட்ராய்டில் வேலை செய்கிறதா, திருத்தத்துக்கு மேல் எல்லை வைக்க முடியுமா என்ற நான்கு கேள்விக்கும் பதில் போடுங்கள். வாங்குகிறவர்களுக்கு வாட் எண்ணைவிட அது உதவும். இரண்டாவது, கைபேசி விமர்சனங்களில் கேமராவுக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள், மைக்குக்கு ஒரு வரி ஒதுக்கலாம். தயாரிப்பாளர்கள் தங்கள் மைக்கின் கோட்டை மாடல் வாரியாக வெளியிட்டால் செயலி எழுதுகிறவர்கள் அதை வைத்து மேல்பக்கத்தையும் திருத்திக்கொள்வார்கள், அவர்களிடம் அந்தக் கோடு இல்லாமல் இருக்காது. பத்திரிகை கேட்டால் ஒருவேளை கொடுப்பார்கள், நான் எழுதிய இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை.

மூன்றாவது, இந்தக் கடிதம் முழுவதும் போட இடம் இல்லையென்றால் அந்தப் பத்து டெசிபல் சோதனையையும் 572-ஐ அடியால் வகுக்கும் கணக்கையும் மட்டுமாவது ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன, புது சப்வூஃபருக்கு முன்பணம் கட்டப்போகிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் ஹாலை அளந்து பார்த்துவிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உறையூர், திருச்சி.